முடிச்சு இல்லாமல்

“என்ன மச்சினி, ஒரு முடிச்சுகூட இல்லையே, இது எப்படி ஆளைத் தாங்குது?” என்று, நான் கயிற்றில் போட்ட வளையத்தைக் காட்டி, அக்காவுக்குப் பேசியிருந்த எல்வின் ஒருமுறை என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியும். ஆனால் அக்காதான் சொன்னாள்.

எனக்காகப் பேசுவது எப்போதும் ஆக்னஸ் அக்காதான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எனக்கு வாய் திக்கும், எட்டாவதோடு நின்றுவிட்டேன். பால்காரர், டாக்டர், கோயிலில் ஃபாதர், யார் என்னைக் கேட்டாலும் அக்கா பதில் சொல்லிவிடுவாள்.

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்தவர். இப்போது தெலுங்கு ஊரில், மெட்டுகுடா வீட்டில், உயரமான கட்டடங்களில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்களுக்குக் கயிற்று நுனியில் வளையம் போட்டுக் கொடுக்கிறோம். அதற்கு ஒரு மரக்குச்சி உண்டு. முழ நீளம், கூரான நுனி, கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகிவிட்டது. துறைமுகத்தில் ஃபிட் என்பார்களாம். அதைக் கயிற்றில் குத்தித் திருகினால் புரிகள் விலகும். நுனியை மடக்கி, அதன் மூன்று புரிகளையும் பிரித்து அந்த இடைவெளிகளில் நுழைத்து இழுத்தால் ஒரு சுற்று. நைலான் வழுக்கும், அதனால் ஐந்து சுற்று. பாரம் ஏற ஏறக் கயிறே கயிற்றைக் கவ்விக்கொள்ளும். அப்பாவுக்குக் கண்ணில் புரை. நான் செய்வேன், அவர் விரலால் தடவி “ம்” என்பார்.

எல்வினும் அப்படித் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்தான். கெட்டவர் இல்லை. எனக்கு உஸ்மானியா பிஸ்கட் வாங்கி வருவார். “செகண்ட் கயிறா? நக்கோ மாமா, வேணாம், அதைக் கட்டி அவுக்கிற நேரத்துல ரெண்டு ஃப்ளோர் முடிச்சிருவேன்” என்று, பாதுகாப்புக்கு இன்னொரு கயிறும் கட்டச் சொன்ன அப்பாவிடம் அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஈஸ்டர் முடிந்ததும் அக்காவுக்கும் அவருக்கும் கல்யாணம், பிறகு புனே என்றார்கள்.

“இவளையும் கூட்டிட்டுப் போயிருங்க மாப்ள” என்றார் அப்பா.

“ஹவ் மாமா, ஆமா, ஆனா வழியில டிக்கெட் கேட்டா இவளுக்கு யாரு பேசுறது?” என்றார் எல்வின்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும்.

மறுவாரம் எல்வின் வளையம் போடப் புதுக் கயிறு கொண்டுவந்தார். நான் அவரை ஒன்றும் செய்யவில்லை. நான்கு சுற்றுகளைச் செய்யவில்லை, அவ்வளவுதான். அப்பாவின் விரலுக்குத் தடிப்பு தட்டுப்பட வேண்டுமே என்று, வெட்டிய புரித் துண்டுகளை அங்கே அடுக்கி, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றினேன். அப்பா தடவினார். “ம்” என்றார்.

இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் எல்வின் பதினோராவது மாடியில் இருந்தார்.

அடக்கம் முடிந்து வந்ததும், “கண்ணு தெரியாதவருக்கு இந்த வேலை எதுக்கு?” என்று அக்கா அப்பாவிடம் கேட்டாள். அப்பா அதன்பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் விரல்களையே தடவிக்கொண்டிருக்கிறார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் விரல்மேல் ஒரு பிழையும் இல்லை.

அதனால் இன்று காலை, அப்பா குளிக்கப் போயிருந்தபோது, ஒரு துண்டுக் கயிற்றையும் குச்சியையும் அக்கா முன்னால் வைத்துச் செய்து காட்டினேன். ஒரு சுற்று. பிறகு துண்டுகள். பிறகு நூல். நானே பேசினேன், ஒரு இடத்திலும் திக்கவில்லை. “இனி நீ எங்கேயும் போக வேண்டாம்க்கா” என்றும் சொன்னேன்.

அக்கா அந்த வளையத்தைக் கையில் எடுத்து இழுத்தாள். நுனி கழன்று வந்தது. கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

வாசலில் தண்ணீர்க் கேன்காரர் வந்து நின்று, எத்தனை கேன் என்று தெலுங்கில் என்னைக் கேட்டார். அக்கா சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, அவரைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாள்.