குழியில் ஓர் ஆள் இடம்

பகல் பத்து மணி. ஆரணியிலிருந்து சேவூர் போகிற ரோடு. ஒரு ஈ, காக்கை இல்லை...

"பெரியப்பா, பேய்க்கதைன்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கில்ல ஆரம்பிக்கணும்? பகல்ல பேய் எதுக்கு வரும், ரேஷன் வாங்கவா?" என்றாள் என் தம்பி மகள் பானுப்ரியா.

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன் நான். ராத்திரிப் பேய்கள் எனக்குக் கட்டிங் பிளேயர் எடுத்துக் கொடுத்திருக்கின்றன. பயப்பட வேண்டியது பகல் பேய்க்குத்தான்.

இடம், கல்யாண மண்டபம். விடிந்தால் முகூர்த்தம். கரண்ட் போய் ஒரு மணி நேரம். ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுவிட்டது. மேடைக்குக் கீழே ஒரு ஜமக்காளத்தில் ஏழு பேர் ஒட்டி உட்கார்ந்திருந்தோம், நடுவில் ஒரே ஒரு செல்போன் வெளிச்சம். கல்யாணம், என்னோடு வேலை பார்த்த வேடியப்பன் வீட்டுக் கல்யாணம். நான் சொல்ல வந்தது அவருடைய சகலை பழனிக்கு நடந்தது.

பழனி சேவூரில் பட்டு நெய்கிறவர். குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, மிதித்து நெய்வது. மற்ற வீடுகளில் அந்தக் குழி ஓர் ஆள் அகலம். பழனி வீட்டில் இரண்டு ஆள் அகலம். ஒரு எருமையை இறக்கலாம். சரி, கன்றுக்குட்டியை. நெய்கிறவர் வலது பக்கம் ஒண்டிக்கொள்வார். இடது பக்கம் எப்போதும் காலி. வருடத்தில் ஒரே ஒரு நாள், டிசம்பர் இருபத்துமூன்று, காலை பத்திலிருந்து பதினொன்று வரை குழி முழுக்கவே காலி. ஓரத்தில் ஒரு செம்பு தண்ணீர். யாரும் காலை இறக்கக்கூடாது.

ஏன்?

ரங்கூன்.

பழனியின் தாத்தாவுக்கு அப்பா துரைக்கண்ணு. தம்பியோடு பட்டுச் சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரங்கூனுக்கு விற்கப் போனவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. அதே தேதி, அதே பத்து மணி. விமானம் வருகிறதென்று அபாயச் சங்கு ஊதியது. குண்டு என்றால் என்னவென்று யார் கண்டது? ஜனங்கள் தெருவில் நின்று, தேர் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள். வெயிலில் வெள்ளி வெள்ளியாக ஜப்பான்காரன் விமானங்கள்... உர்ர்ர்ர் என்று...

"நம்ம டிரோன் மாதிரிங்களா?" என்றான் வீடியோ எடுக்க வந்த தென்னரசு.

"உன் டிரோனை ஆயிரம் அடுக்கிக்கோ. காதுல கேக்காது. வயித்துல கேக்கும்."

தங்கியிருந்த வீட்டின் பின்புறம் ஒரு பதுங்குகுழி. ஆறு பேர் புகுந்துவிட்டார்கள். ஆறாவது ஆள் துரைக்கண்ணு. தம்பி வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசியாக ஓடிவந்தான். குழியோரம் நின்று கேட்டான்.

"அண்ணா, ஒரு ஆள் எடம் இருக்குதா?"

"எடம் இல்லடா" என்றார் துரைக்கண்ணு.

இருந்தது. கொஞ்சம் ஒடுங்கியிருந்தால் இருந்தது...

வெளியே வந்தபோது தெரு இல்லை. தம்பி நின்ற இடத்தில் ஒரு வாடை மட்டும். அசல் பட்டா என்று பார்க்க நூலைக் கொளுத்துவோமே, தலைமயிர் கருகுகிற வாடை வருமே... அதுதான். எரிந்தது பட்டா, தலைமயிரா? துரைக்கண்ணுவுக்குச் சாகும்வரை தெரியவில்லை.

காடும் மலையுமாக நடந்து அவர் ஆரணி வந்து சேர்ந்தபோது, ஒரு காக்கை தூக்கிக்கொண்டு போகிற எடைதான் இருந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தறிக்குழி வெட்டினார். இரண்டு ஆள் அகலத்துக்கு.

எண்பது வருடத்துக்கு மேல் அந்த வீடு இடம் விட்டது. போன வருடம் பழனி பவர்லூம் வாங்கினார். குழியில் மண்ணைக் கொட்டி, மேலே சிமென்ட் பூசினார்.

"அவருக்கு எடம்?" என்று கேட்டாள் அவர் மனைவி அபிதகுசாம்பாள்.

"இருக்கற நமக்கே எடம் இல்ல. செத்தவங்களுக்கு இன்னும் எத்தினி நாளைக்கு வுடறது?"

டிசம்பர் வந்தது. பழனிக்குத் தேதி ஞாபகமில்லை. மொபெட்டில் பின்னால் தறிக்கான பாவு நூல் மூட்டையைக் கட்டிக்கொண்டு, தறிக்கு நேரமாகிறதென்று ஜல்தியாக வந்துகொண்டிருக்கிறார். பத்து மணியாகியும் பனி விலகவில்லை. இரண்டு பக்கமும் நெல் வயல். அப்போது... எங்கேயோ சங்கு. இழுத்து, இழுத்து... வயிற்றுக்குள் ஓர் உர்ர்ர். அப்புறம் அந்த வாடை.

ரோட்டோரம் ஒருவன். உடம்பெல்லாம் சாம்பல், தோளில் மூட்டை.

"அண்ணா, ஒரு ஆள் எடம் இருக்குதா?"

பழனி வண்டியை நிறுத்தவேயில்லை. "எடம் இல்லப்பா, பாவு இருக்குது பாரு."

சட்டென்று சங்கு நின்றது. வண்டியின் பின்சக்கரம் மட்டும் மெதுவாக அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. வீடு வரைக்கும் அந்தக் கனம்.

மதியம் மகன் சதீஷ் சாப்பிட வந்தான். இருபத்திரண்டு வயசு, ஒரே பிள்ளை. வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஏன்டா நின்னுகினு இருக்க? வா, சோறு ஆறுது" என்றாள் அபிதகுசாம்பாள்.

"எங்க உக்கார்றதும்மா? வூடு நெறைய ஆளு."

வீட்டில் இருந்தது அவளும் பழனியும் மட்டும்.

அன்றைக்கு நின்றவன்தான். காலி பஸ்ஸில் நின்றுகொண்டே போவான்; எல்லா சீட்டிலும் ஆள் என்பான். ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்றான். நின்றபடியே தூக்கம். காலிரண்டும் வாழைமரம் போல வீங்கிவிட்டன. பழனி கடப்பாரையை எடுத்து சிமென்ட்டைப் பெயர்த்தார். கையெல்லாம் ரத்தம். மண்ணை வாரிக் கொட்டி, பழைய குழியை மூன்று ஆள் அகலத்துக்கு வெட்டினார்.

"எறங்குடா கண்ணு. உனக்குத்தான் வெட்டினேன்."

சதீஷ் குனிந்து பார்த்தான். "ஆறு பேரு இருக்காங்கப்பா. எடம் இல்லன்றாங்க."

பழனி குழிக்குள் இறங்கி, உட்கார்ந்து எழுந்தார். "தோ, நான் ஏந்துகினேன் பாரு. என் எடத்துல உக்காருடா."

"நீ ஏந்தா அங்க வேற ஒருத்தர் உக்கார்றாரேப்பா."

தென்னரசு நீட்டியிருந்த காலை இழுத்து மடக்கிக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. இப்படி ஒரு கூட்டம் கிடைத்து எத்தனை நாளாயிற்று!

"இப்ப அந்தப் பையன் எங்க, பெரியப்பா?"

"போன மாசம் வூட்டை வுட்டு நடந்துட்டான். பழனியும் சம்சாரமும் கல்யாணத்துக்குக்கூட வரல. ஊர் ஊரா தேடிகினு இருக்காங்க."

என்னைப் பொறுத்தவரை கதை இங்கே முடிந்தது. அடுத்து ஜமக்காளத்தில் ஓங்கி ஓர் அடி அடித்து எல்லோரையும் அலற வைப்பதுதான் பாக்கி. கையைத் தூக்கிவிட்டேன்.

"பெரியப்பா..." பானுப்ரியாவின் குரல் இறங்கியிருந்தது. "சாயந்திரத்துல இருந்து மண்டப வாசல்ல ஒரு பையன் நின்னுகினே இருந்தான். காலு வீங்கி, செருப்பு போட முடியாம. நான் உள்ள வந்து உக்காருன்னேன். எட்டிப் பாத்துட்டு, எடம் இல்லையேக்கான்னான். அப்ப யாருமே வரல பெரியப்பா. எல்லா சேரும் காலி."

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. முந்நூறு நாற்காலி. மத்தியானம் நானே நின்று இறக்கியவை. கூட்டிச் சொல்வது என் பழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். இதில் ஒன்றைக்கூடக் கூட்டவில்லை.

யாரோ செல்போனை வாசல் பக்கம் திருப்பினார்கள். கதவில் சாய்ந்தபடி அவன்... நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் வலது பக்கம் நகர்ந்தேன். பானுப்ரியா இடது பக்கம் நகர்ந்தாள். ஏழு பேரும் ஒடுங்கிக்கொண்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், ஜமக்காளத்தில், தாராளமாக ஓர் ஆள் இடம்.

"சதீசு... வாப்பா. இங்க எடம் இருக்குது."

அவன் கண் விழித்தான். வெளிச்சத்துக்குள் இரண்டடி வந்தான். நான் கைகாட்டிய இடத்தை நின்று பார்த்தான்.

"அங்கதான் ஒருத்தர் உக்காந்துகினு இருக்காரேங்க" என்றான்.