அந்தச் சாரா வேற

பிரியமானவங்களே, வசனத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன்... கதைன்னா, எங்க வீட்டுக் கதை. என் மனைவி சாரா அதோ மூணாவது பெஞ்சுல முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அனுமதி வாங்கிட்டுத்தான் சொல்றேன்!

எங்க வீட்ல ஒரு பழைய பைபிள் இருக்கு. பூட்டன் காலத்துப் பைபிள். யாரு எப்போ பிறந்தாங்க, யாருக்கு எப்போ ஞானஸ்நானம், எல்லாம் அதுல எழுதியிருக்கும். மூத்த மகனுக்குத்தான் அது வரும். மூத்த மகன் யாரு? நான்! அதுவும் போதகர்! எனக்கு வராம வேற யாருக்கு வரும்?

போன கிறிஸ்மஸ் மத்தியானம். சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உட்கார்ந்திருக்கோம். அப்பா பைபிளை எடுத்துட்டு வந்தார். நான் கையை நீட்டிட்டேன்... என்னைத் தாண்டிப் போனார். என் தம்பி மனைவி மடியில வச்சார்.

"இனிமே இது உங்கிட்ட இருக்கட்டும்மா."

யாரு அவ? முத்துக்கனியா இருந்து ரூத் ஆனவ. ஞானஸ்நானம் எடுத்து மூணே வருஷம்!

எரிஞ்சுது ஐயா! பிரசங்க மேடையில நின்னு பொய் சொல்ல மாட்டேன். வயிறு எரிஞ்சுது. நான் வாயைத் திறக்கல, போதகராச்சே! சாரா திறந்துட்டா.

"மாமா, எங்க அப்பா போதகர், எங்க தாத்தா போதகர். நேத்து வந்தவளுக்குத் தூக்கிக் குடுக்கிறீங்களே! இயேசுவோட வம்சத்திலேயே என் பேரு இருக்கு, தெரியுமா? மத்தேயு ஒண்ணாம் அதிகாரம், மூணாம் வசனம்!"

அப்பா சிரிக்கல. "வாசிம்மா."

சாரா அதை ரூத் மடியிலிருந்து வெடுக்குன்னு எடுத்தா, வாசிச்சா. "யூதா... பாரேசையும் சாராவையும் தாமாரினிடத்தில்..." நின்னுட்டா.

"அந்தச் சாரா வேறம்மா. தாமார் பெத்த இரட்டைப் பிள்ளைல ஒண்ணு. ஆம்பளப் பிள்ளை. ஆபிரகாம் சம்சாரம் சாராள் பேரு இந்தப் பட்டியல்லயே இல்ல. இன்னும் ரெண்டு வசனம் போ."

போனா. ராகாப் வந்தா. யாரு ராகாப்? எரிகோ பட்டணத்து வேசி. அடுத்து... ரூத். யாரு ரூத்? இஸ்ரவேல் ஜனமே இல்ல, வேற தேசத்து மோவாப்காரி!

சாரா அழுதுட்டா. "ஏன் மாமா? ஏன் இவளுக்கு?"

அப்பா சொன்னார்: "ஒரு மோவாப்காரியை ஏன் தாவீது ராஜாவுக்குப் பூட்டி ஆக்கினார்னு கர்த்தர் யார்கிட்டயும் விளக்கம் சொல்லலம்மா. ஜெபத்துல எனக்கு இவ பேருதான் வந்துச்சு. குடுத்துட்டேன்."

சாரா பைபிளை மூடினா. ரூத் கையில திருப்பி வச்சா... கொஞ்சம் வேகமாத்தான் வச்சா!

சிரிக்கிறீங்க? உங்க வீட்ல இது இல்லையா? புது மருமகள் ஜெபிச்சா முகம் சுளிக்கல? நேத்து வந்தவனுக்குச் சபையில பொறுப்பு குடுத்தா தூக்கம் போகல? வம்சத்தை யாரு எழுதுறா... நீயா? உன் தாத்தாவா? கர்த்தர் எழுதுறார்! யாரைச் சேர்க்கணும், எங்க வைக்கணும்னு அவருக்குத் தெரியும்.

எனக்கு எரிச்சல் அடங்கிடுச்சான்னு கேட்டா... இன்னும் முழுசா அடங்கல. எனக்காக ஜெபம் பண்ணுங்க. ஆனா ஒண்ணு மட்டும் புரிஞ்சுது. நாலு தலைமுறைக் கிறிஸ்தவன்னு நான் நெஞ்சை நிமிர்த்துறேனே... ஞானஸ்நானம் வாங்கின அன்னைக்கு, எங்க பூட்டனும் நேத்து வந்தவர்தான்!