தொண்ணூற்றாறு வீதம்

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. பாதிச் சீனி கரையாமல் அடியில் கிடக்கிறது. கலக்காமல் குடிப்பது இந்த ஊர்க்காரர் வழக்கம்; குறை சொல்லவில்லை.

நாச்சியா உம்மா ஆஸ்பத்திரியில் கண் மஞ்சளாகிக் கிடக்கிறார், நான் கொடுத்த குளிசையில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் டொக்டர் நேசராசா ஊசி போடுவார் என்றீர்கள். சொல்கிறேன். முதலில் என்னை விளங்கிக்கொள்ளுங்கள்.

நான் சேதன இரசாயனக்காரன், கரிமச் சேர்வைகள் செய்பவன். இங்கிலாந்தில் ஒரு புதிய சேர்வையை உருவாக்கினேன். வினையூக்கியாகப் போட்டது நிக்கல் தூள். அது இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கிவிட்டு, தான் அப்படியே மிஞ்சும். கடைசியில் வடித்து அகற்றவேண்டும். கிடைக்கவேண்டிய சேர்வையில் கைக்கு வந்த பங்கு, அதாவது என் விளைச்சல், தொண்ணூற்றாறு வீதம். அதே வழியில் என் பேராசிரியர் எழுபதைத் தாண்டவில்லை. அவர் என்னை வாழ்த்தவும் இல்லை. பொறாமை குளிர்நாட்டிலும் உண்டு.

எண்பத்தொன்றில் அந்தச் சேர்வை நிரப்பிய போத்தல்களோடு கல்முனைக்குடிக்குத் திரும்பினேன். மச்சான் அபூசாலி வாசலில் பலகை அடித்தான். ஆய்வுப் பட்டம் எடுத்தவன் என்று, 'கலாநிதி' என எழுதச் சொன்னேன்.

"அது இஞ்ச ஒருத்தருக்கும் விளங்கா மச்சான். டொக்டர் எண்டு போடுவம், மதிப்பா இரிக்கும்."

அடுத்த வாரமே பக்கத்து வளவு நாச்சியா உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். சுஜூதுக்குக் குனிய முடியாமல் கதிரையில் இருந்து தொழுகிறாராம்.

"நான் மருந்து டொக்டர் இல்ல மாமி. இரசாயனம்."

"அதுவும் மருந்துதானே மனே? பெரும காட்டாம ஒரு குளிச தா."

அந்த நேரம் ஆய்விதழுக்கு அனுப்பிய என் கட்டுரை திரும்பி வந்திருந்தது. சேர்வை உயிருள்ள உடம்பில் என்ன செய்கிறது என்று காட்டவேண்டுமாம், எலிகள் போதுமாம். எங்கள் எலிகள் சம்மாந்துறை அரிசி ஆலைகளில் தின்று வளர்ந்தவை. ஒழுங்கு கிடையாது. மனிதர்களோ கேட்காமலே வரிசையில் நிற்கிறார்கள்.

கொடுத்தேன். சில நாளில் அவர் குனிந்து தொழுதார். தெரு முழுக்கச் சொன்னார். தெரு முழுக்க வந்தது. பாதிப் பேருக்கு வெறும் அரிசி மாவை நிரப்பிக் கொடுத்தேன். ஒழுங்கான ஆய்வுக்கு அது தேவை. அவர்களும் குணமாகிவிட்டதாகச் சத்தியம் செய்தார்கள். இப்படிப்பட்ட சனம்.

நாச்சியா உம்மாவுக்கு அளவைக் கூட்டினேன். வாந்தி எடுத்தார். முழங்கால் வருத்தம் வெளியே போகிறது என்றேன்.

"அல்லாஹ் உனக்குப் பரக்கத் செய்வான் மனே," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

கண் மஞ்சளானபோது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவில்லை. நாளாந்தம் என்னிடம் வரச் சொன்னேன். அங்கே போனால் கண்டதையும் கொடுத்து என் முடிவுகளைக் குழப்பிவிடுவார்கள். மகள் றஹீமாதான் எனக்குச் சொல்லாமல் கூட்டிப்போயிருக்கிறாள்.

இன்று காலை, உங்கள் முன்னால்தானே, நேசராசா ஒரு குளிசையை உடைத்துக் கடதாசியில் கொட்டினார். கடதாசிக்குக் கீழே காந்தத்தை நகர்த்தினார். சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் அதன் பின்னால் ஊர்ந்தது.

"இரும்பா, நிக்கலா?" என்று கேட்டார். "நிக்கல் எண்டா என்னட்ட ஊசி இரிக்கி. இரும்பு எண்டா அந்த ஊசியே ஆளக் கொண்டுபோடும். நீங்க சொன்னாத்தான் நான் தொடுவன்."

அவர் காந்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பதரயும் சேத்தா ஐசே நெல்லு நிறுத்த?"

ஒரு பட்டம்கூட முடிக்காத, வயல் வைத்திருக்கும் போடியார்மார் சூடுமிதித்த களத்தில் கதைக்கிற கதை. நாடித்துடிப்பு எண்ணப் படித்த ஒரு மனிதர், தொகுப்பு இரசாயனத்தைப் பற்றி என்னிடம் கதைக்கிறார். நிக்கல் மிஞ்சியிருந்தால் நான் தராசில் நிறுத்ததில் அதன் எடையும் சேர்ந்திருக்கும். அப்போது என் விளைச்சலும் எழுபதுதான். அப்படி இருக்க முடியாது. நான் வடித்தேன்.

மாலைக்குள் பதில் வேண்டும் என்று றஹீமா வெளியே அழுதுகொண்டு நிற்பது எனக்கும் கேட்கிறது. எழுதுங்கள். குளிசைகளைக் கொடுத்தது நான். சோதித்துப் பார்க்கத்தான் கொடுத்தேன், அவருக்குத் தெரியாமல். நோய் முற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் மௌத்தானால் அதற்கும் நானே பொறுப்பு. எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைக்கிறேன்.

வாக்குமூலத்தின் தொடக்கத்தில் நிக்கல் என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரியை மட்டும் வெட்டிவிடுங்கள்.