மதினிக் கயிறு

அது ரொம்ப முந்தின காலம். நம்ம வேதக்கோயிலுக்கு ஓடு கிடையாது, மணி கிடையாது, பனையோலைக் கூரைதான். அதுக்கும் முந்தி இந்தக் காஞ்சிரவிளையில அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருந்தாங்களாம். மூத்தவன் சிவனணைஞ்சான். இளையவன் சுயம்பு. சுயம்புன்னா தானா உண்டானதுன்னு அர்த்தம். பேரு வச்சவங்களுக்கு என்ன தெரியும், பாவம். தன் கையே தன் சொல் கேக்காமப் போன ஒருத்தன் கதை இது. சிரிக்கிறதுக்கு இதுல ஒண்ணும் கிடையாது, முதல்லயே சொல்லிப்புடுதேன்.

ரெண்டு பேரும் பனையேறிக. ஒரு கோடையில தண்ணிக்கு வழியில்லன்னு தேரிக்குள்ள கிணறு தோண்டினாங்களாம். தேரி மண்ணு உங்களுக்குத் தெரியும்லா? காத்தடிச்சா எழுந்து நடக்கிற மண்ணு. அண்ணன் கீழே நின்னு கடகப்பெட்டியில மண்ணை அள்ளிப் போடுவான். தம்பி மேலே நின்னு கயித்தைப் பிடிச்சு இழுப்பான். அள்ளிப் போடுவான், இழுப்பான். அள்ளிப் போடுவான், இழுப்பான். அப்படியே இருக்கும்போது பக்கத்து மண்ணு சரிஞ்சுது. அண்ணன் நெஞ்சு வரைக்கும் மூடிட்டு.

"ஏல சுயம்பு! கயித்தை விட்றாதல!"

அவன் விடல. அண்ணன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டான், தம்பி இழுத்தான். அப்பம்தான் தம்பி காலுக்குக் கீழே இருந்த மண்ணும் நழுவ ஆரம்பிச்சுதாம். இன்னும் கொஞ்சம் நின்னா ரெண்டு பேரும் உள்ளே. நின்னிருக்கலாம். நிக்கணும்னுதான் நினைச்சானாம். ஆனா கை திறந்துட்டு. திறந்தானா, திறந்துபோச்சா? அதை அவனே சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.

அண்ணன் மண்ணோட போயிட்டான். ஊரே ஓடி வந்துது. அண்ணன் பொண்டாட்டி தங்கக்கனி தலைவிரி கோலமா வந்தா. சுயம்பு அவ முன்னாடி ரெண்டு கையையும் நீட்டினான்.

"மதினி, நான் விடல மதினி. கயிறு கையை உருவிக்கிட்டுப் போயிட்டு."

தங்கக்கனி அந்தக் கையைப் பார்த்தாளாம். பார்த்துக்கிட்டே நின்னாளாம். திரும்பி வீட்டுக்குப் போயிட்டா.

அதுக்கப்புறம் சுயம்பு கல்யாணம் முடிக்கல. தினமும் விடியக்காலம் ஒரு கலயம் பதனி கொண்டுபோய் மதினி வாசல்ல வைப்பான். வீட்டுக்குள்ள கால் வைக்கமாட்டான், முகம் பார்க்கமாட்டான். அவளும் எடுத்துக்கிடுவா. "கொழுந்தன்னா இப்படியில்லா இருக்கணும்!"ன்னு ஊர் மெச்சுச்சாம். ஊருக்கு மெச்சத்தானே தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஞானாபரணம்னு ஒரு உபதேசியார் வந்தாரு. பாதிரியாருக்கு எட்டாத ஊருக்கெல்லாம் வேதம் சொல்லிக்குடுக்க அனுப்பின ஆளு. நல்ல மனுசன், நோயாளி வீட்டுல ராத்திரி பகல் உட்கார்ந்திருப்பாரு. ஆனா எந்தக் கேள்விக்கும் சட்டுனு ஒரு பதில் வச்சிருப்பாரு. அதுதான் அவர்கிட்ட ஒரு கோளாறு. ஓலைக்கோயில் கட்டினாரு. பாதி ஊரு வேதத்துல சேர்ந்துச்சு, தங்கக்கனியும் சேர்ந்தா. சுயம்பு மட்டும் உள்ளே போகல. வெளியே சன்னல் ஓரமா நின்னு கேப்பான்.

ஒருநாள் உபதேசியார் பிரசங்கம் பண்ணுதாரு: "பிரியமானவர்களே! ஆண்டவர் உங்களைத் தெரிந்துகொண்டார். நீங்கள் பிறக்கும் முன்னமே தெரிந்துகொண்டார்!"

சன்னல் ஓரம் நின்னவன் சட்டுனு சுவரோட ஒதுங்கிக்கிட்டானாம்.

ஏன்னு கேளுங்க. வேதத் தமிழ்ல தெரிந்துகொள்றதுன்னா, இத்தனை பேர்ல இவன் எனக்கு வேணும்னு எடுத்துக்கிடுறது. நம்ம ஊர்த் தமிழ்ல என்ன? உன் குட்டு எனக்குத் தெரிஞ்சுபோச்சுடா, அதுதானே? உபதேசியார் ஒண்ணைச் சொன்னாரு, இவன் வேறொண்ணைக் கேட்டான். உள்ளே இருந்தவங்க எல்லாரும் 'அல்லேலூயா'ன்னாங்களாம். இவங்களுக்கு எப்படிச் சந்தோசம் வருதுன்னு இவன் வெளியே நின்னு முழிக்கான்.

ஆராதனை முடிஞ்சு உபதேசியார் வெளியே வந்ததும் கேட்டான்.

"ஐயா, அவருக்கு எல்லாம் தெரியுமோ?"

"எல்லாம் தெரியும்ப்பா."

"நடக்கப்போறதும் முன்னாடியே தெரியுமோ?"

"அவர் அறியாம ஒரு ஓலை அசையாது."

"அப்பம் ஒரு பாவி கையில கயித்தை ஏன்யா குடுத்தாரு?"

உபதேசியாருக்கு விளங்கல. கயிறா, என்ன கயிறுன்னு கேட்கவும் இல்ல. அவர்கிட்டத்தான் பதில் தயாரா இருக்கே! "அதெல்லாம் பெரிய ரகசியம் சுயம்பு. நீ மனசு வை. வாசல் திறந்திருக்கு. உள்ளே வர்றது உன் கையிலதான் இருக்கு"ன்னாரு.

சுயம்பு குனிஞ்சு தன் கையைப் பார்த்தானாம்.

"எல்லாம் அவர் கையிலன்னும் சொல்லுதீய, என் கையிலன்னும் சொல்லுதீய. யார் கையிலன்னு ஒண்ணைச் சொல்லுங்கய்யா. என் கையிலன்னா நான் வரமாட்டேன். என் கையை எனக்குத் தெரியும்."

சொல்லிட்டுப் போயிட்டான். உபதேசியார் தலையில அடிச்சுக்கிட்டு, "கல்நெஞ்சன்"ன்னாராம். அதையும் அவன் காதுல வாங்கிக்கிட்டுத்தான் போனான்.

அப்புறம் மழையே இல்லாத ஒரு வருசம் வந்துது. பனையெல்லாம் மொட்டையா நின்னுதாம். கோயிலுக்குப் பக்கத்துல ஒரு கிணறு தோண்டுவோம்னு சபையார் கூடினாங்க. கூடினாங்களே தவிர, கீழே இறங்க ஒருத்தனும் இல்ல. சிவனணைஞ்சான் போன போக்கை எல்லாரும் பார்த்திருக்காங்கல்லா.

"நான் இறங்குதேன்"ன்னான் சுயம்பு.

கோயிலுக்குள்ள ஒருநாளும் நுழையாதவன் கோயில் கிணத்துக்குள்ள இறங்கினான். சாகத்தான் இறங்கினான்னு சொல்லுறவங்க உண்டு. ஊருக்குத் தண்ணி வேணும்னு இறங்கினான்னு சொல்லுறவங்களும் உண்டு. ரெண்டும் ஒரே மனசுல இருக்கக்கூடாதா என்ன?

கீழே அவன். மேலே ஆம்பளைக நின்னு கயித்தை இழுக்கிறாங்க. மண்ணைச் சுமந்து கொட்டுறது பொம்பளைக, அதுல தங்கக்கனியும் ஒருத்தி. அள்ளிப் போடுவான், இழுப்பாங்க. அள்ளிப் போடுவான், இழுப்பாங்க. மத்தியானம் போல மண்ணு சரிஞ்சுது. நெஞ்சு வரைக்கும் மூடிட்டு. மேலே இருந்த ஆம்பளைக கயித்தைப் போட்டுட்டு ஓடிட்டாங்க. ஓடாம என்ன செய்வாங்க? காலுக்குக் கீழே மண்ணு நழுவுனா யாரும் ஓடத்தான் செய்வான். அவங்களை நான் குத்தம் சொல்லல.

தங்கக்கனி மட்டும் ஓடல. பெட்டியை வீசிட்டு வந்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, கயித்தைக் கையில சுத்திக்கிட்டு நுனியை உள்ளே போட்டா. கயித்து நுனி அவன் முகத்துக்கு நேரா தொங்குது. ஆனா அவன் கை தூக்கல.

"கொழுந்தனாரே! பிடியும்!"

"மதினி, தூரப் போங்க. மண்ணு சரியும்."

"பிடியும்ன்னு சொல்லுதேன்!"

"வேண்டாம் மதினி. உங்களுக்குத் தெரியாது. அண்ணனை நான்..."

"தெரியும்."

தங்கக்கனி கிணத்து விளிம்புல குனிஞ்சு சொன்னாளாம்.

"அன்னைக்குக் கையை நீட்டிக் காட்டினேருல்லா? கயிறு உருவிக்கிட்டுப் போன கையில ஒரு கீறல் இல்ல. ஒரு கீறல் இல்ல கொழுந்தனாரே. அன்னைக்கே உம்மைத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நாளும் பதனியை வாங்கினீய?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாங்கினேன். உம்மைச் சபிச்சுக்கிட்டே குடிச்சிருக்கேன். அழுதுக்கிட்டே குடிச்சிருக்கேன். இப்பமும் தெரிஞ்சேதான் கயித்தைப் போட்டிருக்கேன். பிடியும்!"

அப்பம் அவன் பிடிச்சானாம்.

பாரம் வந்துது. தங்கக்கனி கூப்பாடு போட்டா. ஓடின ஆம்பளைக திரும்பி வந்து அவ இடுப்பைப் பிடிச்சு இழுத்தாங்க. மண்ணுக்குள்ள இருந்து அவன் நெஞ்சு வெளியே வந்துதாம், வயிறு வந்துதாம். அந்நேரம் எதிர்ப்பக்கத்து மண்ணு மொத்தமா இறங்கிட்டு. கயிறு அவ கையில விறுவிறுன்னு ஓடுது. அவ விடல. தோலு கிழிஞ்சு ரத்தம் கயித்துல வழியுது, அவ விடல. கிணறு பாதிக்கு மேல மூடின பிறகுதான் கயிறு நின்னுது. கயித்தை இழுத்தா வரல. தோண்டப் போனா இன்னும் சரியுது. பொழுது சாயிற வரைக்கும் பார்த்துட்டு விட்டுட்டாங்க.

இப்பம் ஊருக்குள்ள பேச்சு கிளம்புச்சு. இவனுக்கு ஜெபம் பண்ணலாமா, கூடாதா? உபதேசியார் கூடாதுன்னுட்டாரு. மனசொடிஞ்சுதான் சொன்னாரு, ஆனாலும் சொன்னாரு.

"ஞானஸ்நானம் வாங்காதவன். எத்தனை தரம் கூப்பிட்டேன், உள்ளே வரவே இல்ல. தேடிக்கிட்ட சாவுன்னும் சொல்லுதாங்க. நான் என்ன செய்யட்டும்மா?"

தங்கக்கனி கையில கட்டியிருந்த துணியை அவுத்தா. கிணத்தடியில பேசினதையெல்லாம் சொல்லி, ரெண்டு கையையும் அவர் முன்னாடி நீட்டினா. தோலே இல்லையாம். வெறும் சதை.

"அவரு வந்தாரா வரலையான்னு இதைக் கேளும்யா. பிடிக்காதவன் பாரம் இப்படியா இருக்கும்?"

உபதேசியார் பார்த்துக்கிட்டே நின்னாரு. வாழ்க்கையில முதல்தடவையா அவரு ஒரு கேள்வியை மெதுவாக் கேட்டாராம்: "இவ்வளவும் தெரிஞ்சிருந்தும் எப்படிம்மா கயித்தைப் போட்டே?"

"எனக்கென்னய்யா தெரியும்? வேண்டாம்னுதான் மனசு சொல்லுச்சு. கை போட்டுட்டு."

அவரு வேதத்தை எடுத்துக்கிட்டு நேரா கிணத்தடிக்குப் போய், அங்கன நின்னு அடக்க ஜெபம் முழுசையும் வாசிச்சாரு. அதுக்கப்புறம் அவரு எந்தப் பிரசங்கத்துலயும் 'தெரிந்துகொண்டார்'ங்கிற இடம் வந்தா நிறுத்திட்டுச் சன்னல் பக்கம் பார்ப்பாராம். சபையார் காத்திருப்பாங்களாம்.

தங்கக்கனிக்கு அந்தக் கை கடைசி வரைக்கும் மூடலையாம். விரல் மடங்காது. அந்தக் கையை வச்சுக்கிட்டே, கயிறு இத்துப்போகும்போதெல்லாம் பழைய நுனியோட புதுக்கயித்தை முடிஞ்சு கிணத்துக்குள்ள விட்டுட்டு வருவா. அவளுக்குப் பிறகு ஊருக்கு வாழவந்த பொம்பளைக அதைச் செய்யுதாங்க, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. ஆம்பளைக அந்த முடிச்சைப் போடுறதில்ல. மதினிக் கயிறுன்னு பேரு அதுக்கு. அதைச் சுருட்டி மேலே வைக்கிறதில்ல, எந்தக் காலத்துலயும்.

வெளியூர்க்காரங்க வந்தா கேப்பாங்க, தண்ணியில்லாத கிணத்துக்கு எதுக்குக் கயிறுன்னு. நீங்களும் அதைத்தானே கேட்டீய? போய் லேசா இழுத்துப் பாருங்க. வராது. மண்ணு பிடிச்சிருக்குன்னு வெளியே சொல்லிக்கிடுவாங்க. எங்க ஊர்ல அப்படிச் சொல்லுறதில்ல.