கிழங்கு வேகவைத்த தண்ணீர்

உருளைக்கிழங்கு சூப்பில் மைதா கரைத்து ஊற்றுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, மேடம். கெட்டியாக வர வேண்டும் என்று ஊற்றுகிறார்கள். ஆறினால் அது பசைதான். கிழங்கு நல்ல கிழங்காக இருந்தால் மைதா எதற்கு? வெந்ததும் மத்தால் மசித்தாலே குழைந்துவிடும். நான் இப்படிப் பேசுவதைக் கேட்டால் சமையல்காரி என்று நினைப்பீர்கள். நான் தையல்காரி. தக்கலையில், பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திரும்பும் சாலையில் தையல் வகுப்பு வைத்திருந்தேன். எங்கள் அக்கா லீலாபாய்க்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகுதான் அடுப்படிக்கு வந்தேன்.

அக்கா தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. எங்கள் தம்பி ஆபேல் பஹ்ரைனில் இருக்கிறான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே அக்காவை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கூடிப் பேசவில்லை. "நீ உண்டல்லா சின்னக்கா, பின்ன எனக்கு என்ன கவலை" என்று ஆபேல் போனில் சொன்னான். தையல் எந்திரங்களைத் துணி போட்டு மூடிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அக்காவை டயாலிசிஸுக்கு நாகர்கோவில் கூட்டிப்போக வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று சொல்லித்தர ஒரு பெண் இருந்தாள். சின்னப் பெண், பொறுமைசாலி. இளநீர், வாழைப்பழம், தக்காளி, தேங்காய்ப்பால் ஒன்றும் ஆகாது என்றாள். கிழங்கு வேண்டவே வேண்டாம் என்றாள். அக்காவுக்குக் கிழங்கு இல்லாமல் முடியாது என்று நான் சொன்னேன்.

"அப்படின்னா மெல்லிசா நறுக்கி நிறைய தண்ணீல ஊறப் போடுங்க. அந்தத் தண்ணிய கொட்டிட்டு வேற தண்ணீல வேகவச்சு, அதையும் கொட்டிருங்க. கிழங்குல உள்ள பொட்டாசியம் தண்ணியோட போயிரும். அது ரத்தத்துல ஏறிச்சுன்னா இதயம் நின்னு போகும் ஆன்ட்டி" என்றாள்.

ஏறினால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கை கால் மரக்கும், தளரும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது என்றாள். இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை என்று என்னை மெச்சினாள். அன்று அக்கறையோடுதான் கேட்டேன்.

அவள் சொன்னபடியே செய்தேன். நறுக்கி, ஊறவைத்து, கொட்டி, வேகவைத்து, மறுபடி கொட்டி. என் விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே இருக்கும். இவ்வளவும் செய்த பிறகு கிழங்கில் என்ன இருக்கும்? உப்பும் பேருக்குத்தான். அக்கா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். வகுப்பில் தப்பான விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"ஏட்டி, இது சூப்பா, கழுநீரா?"

சபையிலிருந்து பெண்கள் ஐக்கியத்தார் ஜெபிக்க வருவார்கள். அவர்களிடமும் சொல்வாள். "எனக்க தங்கச்சி தங்கமானவ. கர்த்தர் அவளுக்க கையில ருசிய மட்டும் வைக்க மறந்துட்டாரு." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே டீ கொடுப்பேன். அந்தச் சப்பென்ற சூப்பால்தான் அக்கா இன்னும் உட்கார்ந்து பேசுகிறாள் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

டயாலிசிஸ் வார்டில் ஒரு டிவி உண்டு. அதில் ஒரு நாள் யாரோ உருளைக்கிழங்கு சூப் வைத்துக் காட்டினார்கள். அன்று ஆட்டோவில் வீடு வரும் வரை அக்கா அதைப் பற்றியே பேசினாள். "வெள்ளையா, கொழுகொழுன்னு இருக்கு பிள்ளே. மேல நல்லமிளகு தூவுதாவ. அதமாதிரி வச்சுத் தாயேன்." கேட்கும்போது அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. வைத்தேன். ஊறவைத்துக் கொட்டிய கிழங்கில் பூண்டும் நல்லமிளகும் சேர்த்து, கொஞ்சம் பால் விட்டு வைத்தேன். அக்கா குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். மறுநாள் காந்தாரி மிளகாய் கீறிப் போட்டேன். "எரிச்சல் உண்டு, ருசி இல்ல" என்றாள். எத்தனையோ விதமாக வைத்துப் பார்த்தேன் மேடம். என்ன போட்டாலும் அடியில் அந்தச் செத்த கிழங்குதானே.

ஒரு நாள் காலையில் கிழங்கை வேகவைத்து, வடிப்பதற்காகப் பாத்திரத்தைத் தொட்டியருகே கொண்டுபோனேன். முந்தின நாள் அக்கா ஆபேலிடம் ஸ்பீக்கர் போட்டுப் பேசியிருந்தாள். "இவளுக்க சாப்பாட்ட தின்னியதுக்கு ஆஸ்பத்திரி ஊசியே மேலு" என்றாள். ஆபேல் சிரித்தது அடுப்படி வரை கேட்டது. அது நினைவுக்கு வந்தது என்று சொல்லவில்லை. பாத்திரத்தைச் சாய்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கிழங்கை நான் முதலில் ஊறவைக்கவும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வேகவைத்த தண்ணீரிலேயே மசித்தேன். தக்காளி சேர்த்தேன். தேங்காய் துருவி முதல் பால் எடுத்து ஊற்றினேன். பாலாடை போட்டேன், காந்தாரி போட்டேன், நல்லமிளகு பொடித்துத் தூவினேன். வீடெல்லாம் மணத்தது.

"தண்ணி மாத்துனியா ஏட்டி?" என்று அக்கா கேட்டாள். எப்போதும் கேட்பாள்.

"மாத்தினேன்க்கா."

முதல் கரண்டிக்குப் பிறகு அடுத்ததை அவசரமாக அள்ளினாள். கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "கொள்ளாம்" என்றாள். நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்கிற வார்த்தை. தெருவில் போகிறவர்கள்கூட டீ குடித்துவிட்டுச் சொல்வார்கள். அக்கா என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு நடுவயது கடந்துவிட்டது மேடம்.

சில நாள் அப்படியே வைத்தேன். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கூடியிருந்தது. டாக்டர் என்னிடம் சத்தம் போட்டார். நான் தலை குனிந்து நின்றேன். அக்காதான் எனக்காகப் பேசினாள். "எனக்க தங்கச்சி அப்படி செய்யமாட்டா டாக்டர். தண்ணி மாத்தாம அவ ஒண்ணும் வைக்கமாட்டா. நீங்க மெஷின பாருங்க."

அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஊறவைத்துக் கொட்டிச் சமைக்கத் தொடங்கினேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் நிறுத்தினேன். அக்கா விட்டிருந்தால் நிறுத்தியே இருப்பேன்.

அவள் விடவில்லை. ஐக்கியத்தார் வந்திருந்த ஒரு மத்தியானம், எல்லார் முன்னாலும் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "ரெண்டு நாளு கை வந்திச்சு. அதுக்குள்ள போச்சு. இவளுக்கு ஒண்ணும் நிலைக்காது, சின்னதிலயே அப்படித்தான்." நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கோபம் என்று எழுதாதீர்கள். கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும். அன்று அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துவைத்தேன், கை நடுங்கவே இல்லை.

அதற்கடுத்த டயாலிசிஸ் நாளில் மழை. ஆட்டோ வராத அளவுக்கு மழை இல்லை. வழக்கமாக எங்களைக் கூட்டிப்போகும் குமாரதாஸ் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். குடை பிடித்துக்கொண்டு கேட் வரை போய், அக்காவுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவன் வருத்தப்பட்டுத் திரும்பிப் போனான். அக்காவிடம் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது, ஆட்டோ வராது என்றேன். "போட்டும், ஒரு நாளு ஊசி இல்லாம இருக்கட்டும்" என்று அவளும் சந்தோஷப்பட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர்களிடமும் பாதையில் தண்ணீர் என்றேன்.

அன்று இரண்டு வேளையும் சூப் வைத்தேன். மறுநாளும் வைத்தேன். எல்லாம் சேர்த்து, எதையும் கொட்டாமல். மத்தியானம் அக்கா கட்டிலில் சாய்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காலு ரெண்டும் மரத்துப்போச்சு பிள்ளே. விரலும் ஒருமாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்கு போன் விளிச்சுப் பாப்பமா?"

"மழ விடட்டும்க்கா. இத குடி, தெம்பு வரும்."

குடித்தாள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. கொடுத்தேன். கிண்ணத்தைப் பிடிக்க அவள் கையில் பலம் இல்லை, நான்தான் கரண்டியால் ஊட்டினேன். குடித்து முடித்ததும் என் கையைப் பிடித்து, "நீ இல்லேண்ணா நான் என்ன செய்வேன் ஏட்டி" என்றாள். பிறகு தூங்கினாள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை. மழையும் விட்டிருந்தது.

டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை. டயாலிசிஸ் தவறினால் இப்படி நடப்பதுண்டு, இதயம் நின்றுவிட்டது என்றார். குமாரதாஸ் அடக்கத்துக்கு வந்து அழுதான். காய்ச்சல் என்று நான் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. போதகர் பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லி, இப்படி ஒரு தங்கை யாருக்குக் கிடைக்கும் என்றார். நான் வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் எந்திரங்களின் துணியை எடுத்திருக்கலாம். யாரும் என்னைத் தேடி வந்திருக்கமாட்டார்கள். நீங்களும்தான்.

நேற்று வீட்டில் நினைவுக் கூட்டம். ஆபேல் வந்திருந்தான். ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஆபேல் இலையில் கை வைத்தபடியே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், குத்தலாக இல்லை.

"பெரியக்கா பாவம். கடைசி வரைக்கும் வாய்க்கு ருசியா ஒரு வாய் சாப்பிடாமலே போயிட்டா. சின்னக்காளுக்கு சமையல் வராது, அவளும் என்ன செய்வா."

பந்தியில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். போதகரும் ஆட்டினார்.

அதனால் இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறி இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். மனச்சாட்சி உறுத்தி வந்ததாக நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது. இருக்கட்டும், அதுவும் காரணமாக இருக்கலாம். கிழங்குத் தண்ணீரைக் கொட்டாமல் வைத்தது தெரிந்துதான். மாற்றினேன் என்று சொன்னது பொய்தான். ஆட்டோவைத் திருப்பி அனுப்பியது நான்தான். கால் மரக்கிறது என்றபோது அது என்ன என்று எனக்குத் தெரியும். அக்காவை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆபேலை வரச்சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா? அவனிடம் இதையெல்லாம் சொல்லும்போது, பெரியக்கா இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தாள் என்பதை விட்டுவிடாதீர்கள், மேடம்.