முங்குத ஆளே கெடையாதாம்

வேம்பார் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவர் காது மூக்கு தொண்டை டாக்டர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மற்றவர் அவருடைய அக்கா.

"முத்துக்குளிப்பு நின்னு எவ்வளவோ வருசமாச்சாம். அதனால இங்கன கடல்ல முங்குத ஆளே கெடையாதாம், அக்கா."

"யாரு சொன்னா?"

"டெல்லி கமிட்டிதான். ஆராய்ச்சிக்கு யாருக்குப் பணம் குடுக்கலாம்னு அவுகதான முடிவு பண்ணுதாக. சங்கு எடுக்க முங்குதவங்களுக்குக் காது கெட்டுப்போவுது, அத ஆராயணும்னு எழுதுனேன். அவுகளுக்குத் தூத்துக்குடின்னா முத்து மட்டுந்தான் தெரியும். வேண்டாம்னு ஒத்த வரியில அனுப்பிட்டாக."

"முத்து வேற, சங்கு வேறன்னு நீ அங்கனயே சொல்ல வேண்டியதுதான, ஏளா?"

"என்னய உள்ள விட்டாத்தான? கதவ மூடிக்கிட்டுல்லா பேசுதாக! யாரு இருந்தா, யாரு அப்படிச் சொன்னா, ஒண்ணும் கேக்கக் கூடாதாம். காது கேக்காதவனப் பத்திப் பேசுததுக்கு எதுக்குக்கா கதவ மூடணும்?"

"திரும்ப எழுதிப் பாரேன்."

"எழுதுனா? அதே ஆளுக, அதே கதவு."

கண்டக்டர் வந்தார். முன்னால் ஒருவர், கடலில் முங்கும்போது முகத்தில் மாட்டும் கண்ணாடியை மடியில் வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் டிக்கெட் என்று எத்தனை முறை கேட்டும் திரும்பவில்லை.

"ஏலே, செவிடா நீ?" என்று கண்டக்டர் கத்தினார்.

டாக்டர் எழுந்தேவிட்டார்.

"ஆமா அண்ணாச்சி, செவிடுதான். ஆனா அவருகிட்ட டிக்கெட் கேக்காதீங்க. அப்படி ஒரு ஆளே கெடையாதுன்னு டெல்லியில முடிவு பண்ணியாச்சு."