பிள்ளை இங்கே, திருட்டு மட்டும் அங்கேயா?

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, வழக்கறிஞர் அவர்களே, பணி முடிந்த கையோடு சீருடையில் வந்திருக்கும் செவிலியச் சகோதரிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே! வணக்கம். அக்காவின் இந்த இரங்கல் கூட்டத்தில் அழுவதற்காக நான் எழுந்து நிற்கவில்லை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை!

பொறியாளர் என்பது அக்கா படித்து வாங்கிய பட்டம். 'அலாரம் அக்கா' என்பது நீங்கள் கொடுத்த பட்டம். எது பெரியது?

குறைமாதக் குழந்தையின் பாதத்தில் ஒரு சிறிய சென்சார். அடுத்த அறையில் மூச்சைக் கணக்கிடும் கணினி. மூச்சு தடுமாறினால் செவிலியர் மேசையில் அலறும் அலாரம். மூன்றும் சேர்ந்த அந்த அமைப்புக்கு அக்கா காப்புரிமை வாங்கினார். பட்டறையில் அவரோடு நின்று கம்பிகளைப் பற்றவைத்தவன் நான்.

பெரிய நிறுவனம் ஒன்று வந்து பார்த்தது, பாராட்டியது, போனது. மறு ஆண்டே அதே சென்சார், அதே அலாரம், அவர்கள் பெயரில் விற்பனைக்கு வந்தன. கணினியை மட்டும் வெளிநாட்டில் வைத்துவிட்டார்கள்! எதற்காக? குழந்தைக்கு நல்லது என்றா? இல்லை! 'ஒரு பகுதி நாட்டுக்கு வெளியே இருக்கிறது, உள்நாட்டுக் காப்புரிமை எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று வாதாடுவதற்காக!

"திருடினா திருடிட்டுப் போகட்டும்டா, பிள்ளைங்க பொழைச்சா சரி" என்றுதான் அக்கா இருந்தார். ஒரு மதியம், அந்த நிறுவனத்தின் மெஷினை வாங்கியிருந்த உங்கள் மருத்துவமனையிலிருந்து குழந்தைகள் பிரிவுச் செவிலியர் ஒருவர் பட்டறைக்கு ஓடி வந்தார்.

"அக்கா, இன்டர்நெட் லைன் கட்டாயிடுச்சு. அவங்க மெஷின் வாயே திறக்கலை. பிள்ளை நீலம் பாரிச்சுப் போச்சு. நான் பக்கத்துல நின்னதால பொழைச்சுது."

அன்று மாலையே அக்கா வழக்கறிஞர் வீட்டு வாசலில் நின்றார்.

நீதிமன்றத்தில் அக்கா கேட்டது மறக்குமா? "ஐயா, பிள்ளை இங்க. சத்தம் கேட்கிறது இங்க. ஓடி வர்ற நர்ஸ் இங்க. திருட்டு மட்டும் எப்படிங்க அங்க?" எதிர்த்தரப்பு சிரித்தது. வழக்கு தோற்றது. மேல்முறையீடு செய்தார். விசாரணை தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. புற்றுநோய் வாய்தா கேட்கவில்லை!

இன்று காலை அந்த நிறுவனம் மலர்வளையம் அனுப்பியிருக்கிறது! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள்! கொண்டுவந்தவர் குரலைத் தாழ்த்தி, "வழக்கை முடிச்சுக்கலாமே, சார்" என்றார்.

மாமா என்ன சொன்னார் தெரியுமா? "படுத்த படுக்கையிலயும் அவ அதை விடலை. நான் விடுவேனா? இதை எடுத்துட்டுக் கிளம்புங்க."

இனி வழக்கு மாமாவின் பெயரில் நடக்கும். பட்டறையை நான் மூட மாட்டேன். ஆனால் செவிலியச் சகோதரிகளே, அந்த மெஷின் ஊமையானதைக் கண்ணால் கண்டவர்கள் நீங்கள். சாட்சி சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். தலைமை மருத்துவர் அவர்களே, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்: இவர்களுக்கு நீங்கள் துணை நிற்பீர்களா?

தலையசைக்கிறார்! பார்த்துக்கொள்ளுங்கள்!

யார் வருகிறீர்கள்? அதோ, கடைசி வரிசையில் ஒரு கை! இந்தப் பக்கம் இன்னொன்று!

கையை இறக்காதீர்கள், சகோதரி. வழக்கறிஞர் உங்களிடம்தான் வந்துகொண்டிருக்கிறார்.